மாதம் ஒருமுறை, அரை மணி நேரம், லோடோடு

பெருமதிப்பிற்குரிய மூத்த மச்சான் அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவோடு வரைந்துகொள்வது. இங்கே நான், தங்கள் தங்கை, எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் ஜெனரேட்டர் ஆகிய மூவரும் சௌக்கியம். அங்கே தாங்களும் அக்காவும் எப்படி இருக்கிறீர்கள், தங்கள் முழங்கால் வலி குறைந்ததா என்று அறிய ஆவலாக இருக்கிறேன். போன மாதம் தாங்கள் போனில் என்னைப் பற்றிச் சொன்ன வார்த்தைகள் எதையும் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். "பல்பு மாட்டத் தெரியாத வாத்தியார்" என்றீர்கள். "சரித்திரம் படிச்சவன் கையில சாவியைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்" என்றீர்கள். "இருபதாம் தேதி நானே நேர்ல வந்து என் தங்கச்சியைக் கூட்டிக்கிட்டுப் போயிடறேன், எங்க ஊர்ல கரண்ட்டாவது ஒழுங்கா இருக்கு" என்றீர்கள். எதையும் வைத்துக்கொள்ளவில்லை. தேதி, நேரத்தோடு டைரியில் மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்.

தாங்கள் வர வேண்டாம். டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடவும். ஜெயித்துவிட்டேன் மச்சான்! நேற்று மாலை மூன்று மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு, இருபத்தெட்டுக் குடித்தனக்காரர்கள் சாட்சியாக, எங்கள் சங்கத் தலைவரின் முகத்துக்கு நேரே ஜெயித்தேன். விவரத்தைச் சொல்கிறேன், நிதானமாக உட்கார்ந்து படிக்கவும். பாதி கதை தங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வரலாறு என்றால் ஆதியிலிருந்துதான் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், இப்போது மாற்றிக்கொள்ள முடியாது.

இரண்டு வருஷத்துக்கு முன் டாக்டர் தங்கள் தங்கையின் நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் இராப்பகலாக மூக்கில் குழாய் இருக்க வேண்டும் என்று சொல்லி, காற்றை இழுத்துச் சுத்தமான ஆக்ஸிஜனாகத் தரும் அந்த மெஷினை எழுதிக் கொடுத்தார் அல்லவா? மெஷின் நல்ல மெஷின். ஆனால் அது கரண்ட்டைத் தவிர வேறு எதையும் சாப்பிடாது. கரண்ட் போனால் கீச்கீச் என்று கத்தும், அவ்வளவுதான். மெஷின் வந்த மறுநாளே நான் சங்கத் தலைவரைப் போய்ப் பார்த்து, "நம்ம கட்டடத்து ஜெனரேட்டரைக் கடைசியா எப்போ ஓட்டினீங்க?" என்று கேட்டேன். தலைவரை இங்கே எல்லாரும் முதுகுக்குப் பின்னால் "தீர்மானம்" என்றுதான் சொல்வோம், மாடிப்படியில் பூனை படுத்திருந்தால்கூட அதற்கு ஒரு தீர்மானம் கொண்டுவருவார். அவர் யோசித்தார், செயலாளரைப் பார்த்தார், செயலாளர் வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் மட்டும்தான் உண்மையைச் சொன்னார்: "நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு சார். ஓடி நான் பார்த்ததில்ல."

கீழே போய்ப் பார்த்தோம். ஜெனரேட்டர் மேல் வாட்ச்மேனின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது, அதைச் சுற்றிலும் கால் உடைந்த நாற்காலிகள். எல்லாவற்றையும் நகர்த்திவிட்டுப் பொத்தானை அமுக்கினால் "டிக்" என்று ஒரு சத்தம், அதற்கப்புறம் நிசப்தம். பேட்டரி செத்து எத்தனை வருஷம் ஆச்சோ யாருக்குத் தெரியும். புது பேட்டரி போட்டோம், ஓடியது, ஓடினதும் வெளியே வந்த புகையைப் பார்த்து எதிர்த்த கட்டடத்துக்காரங்க தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுட்டாங்க. வண்டியும் வந்துடுச்சு, அந்த ஆட்கள் குழாயோட இறங்கி நிக்கிறாங்க, தலைவர் அவங்ககிட்டயே "வந்ததுக்கு நன்றி தெரிவிச்சு ஒரு தீர்மானம்"னு ஆரம்பிச்சார். அன்னைக்கு சாயந்திரமே நான் தங்களுக்குப் போன் பண்ணினேன். கப்பல்ல முப்பது வருஷம் இன்ஜின் பார்த்த ஆளாச்சேன்னுதான் கேட்டேன். தாங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கு: "வாரம் ஒரு தடவை கண்ணால பாரு. ஆயில், தண்ணி, டீசல், பேட்டரி, கீழ எங்கயாவது ஒழுகுதா, அவ்வளவு போதும். மாசம் ஒரு தடவை அரை மணி நேரம் ஓட்டு, லோடோட ஓட்டு, மெயினை இறக்கிட்டு வீடுங்க எல்லாம் அதுல எரியட்டும். வருஷம் ஒரு தடவை கம்பெனி ஆளைக் கூப்பிட்டு முழுசாப் பார்க்கச் சொல்லு." தெளிவாத்தான் சொன்னீங்க. நான்தான் கேட்கல.

ஏன் கேட்கலன்னா, மாசம் ஒரு தடவைங்கிறது எனக்குக் கொஞ்சமாப் பட்டுச்சு. வாரா வாரம் பத்து நிமிஷம் ஓட்டினா ஜெனரேட்டருக்கும் நல்லது, என் மனசுக்கும் நிம்மதின்னு நினைச்சேன். மெயினை இறக்கினா மாடியில இருக்கிறவங்க சண்டைக்கு வருவாங்கன்னு, லோடு எதுவும் குடுக்காம சும்மா ஓட்டினேன். ஞாயித்துக்கிழமை ஆனா குளிச்சிட்டு, சட்டை மாத்திக்கிட்டு, கீழ போய்ப் பொத்தானை அமுக்கி, பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு நிப்பேன். என்ன சத்தம், என்ன கம்பீரம்! நாலு மாசம் இப்படிப் போச்சு. நாலாவது மாசக் கடைசி ஞாயிறு, புகைக்குழாய் ஒரு தடவை இருமிச்சு பாருங்க, கன்னங்கரேல்னு பிசுபிசுன்னு ஏதோ ஒண்ணு பாய்ஞ்சு போய், தலைவர் அன்னைக்குத்தான் கழுவி நிறுத்தியிருந்த வெள்ளைக் கார் மேல பட்டுடுச்சு. கார் முழுக்கப் புள்ளி புள்ளியா. அவர் அதைச் சுத்திச் சுத்தி வர்றார், வாயில வார்த்தையே வரல, தீர்மானம்கூட வரல. மறுபடி தங்களுக்குத்தான் போன். தாங்கள் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. "வேலை குடுக்காம சும்மா ஓட்டினா இன்ஜின் சூடே ஏறாதுடா, டீசல் பாதி எரிஞ்சும் எரியாமலும் குழாய்ல தங்கிடும். வேலையில்லாம உட்கார வெச்சா எதுவுமே கெட்டுத்தான் போகும், ரிட்டயர் ஆன உன்னையே எடுத்துக்க" என்றீர்கள். அதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

சரின்னு முறையா ஆரம்பிச்சேன். மாசத்துல முதல் செவ்வாய், காலையில பதினோரு மணி, அரை மணி நேரம், லோடோட. முந்தின நாளே லிப்ட்டுக்குள்ள நோட்டீஸ் ஒட்டினேன்: "நாளை 11 மணிக்கு மின்சாரம் பத்துப் பன்னிரண்டு நொடி நிற்கும், அந்நேரம் லிப்ட்டில் ஏற வேண்டாம்." லிப்ட்டுக்குள்ள ஒட்டின நோட்டீஸை லிப்ட்டுக்குள்ள ஏறினவங்கதானே படிப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. பதினோரு மணிக்கு நான் மெயினை இறக்கின நேரம், தலைவர் லிப்ட்டுக்குள்ள நின்னு அந்த நோட்டீஸைத்தான் படிச்சுக்கிட்டு இருந்திருக்கார். இரண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல பதினோரு நொடி. வெளிய வந்து அவர் சொன்ன விதத்தைக் கேட்டா பதினோரு நாள் பட்டினி கிடந்தவர் மாதிரி இருந்துச்சு. அப்போதே அவர் என் மேல கறுவ ஆரம்பிச்சுட்டார்.

இனி சொல்லப்போவதைச் சிரிக்காமல் எழுதுகிறேன், தாங்களும் அப்படியே படிக்கவும். போன மாதம் செவ்வாய்க்கிழமை டெஸ்ட் நன்றாக முடிந்தது. முடிந்ததும் மேலே போகும் அவசரத்தில், ஜெனரேட்டர் பலகையில் இருக்கும் திருகு சுவிட்சை, கரண்ட் போனால் தானாக ஓடும் "ஆட்டோ"வில் வைக்காமல் "ஆஃப்"பில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். டெஸ்ட் பண்ணினவன் நான், பூட்டினவன் நான், சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்தவனும் நான். வியாழக்கிழமை மத்தியானம் கரண்ட் போச்சு. நான் உட்கார்ந்து எண்ணிக்கிட்டு இருக்கேன். பதினொண்ணு ஆச்சு, இருபது ஆச்சு, கீழேயிருந்து சத்தமே இல்ல. இங்க மெஷின் கத்துது. அவசரத்துக்குன்னு வெச்சிருக்கிற சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கிற சாவி எங்கேன்னு தெரியல, மேஜையில தேடறேன், அலமாரியில தேடறேன். அவ என்னையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா, உதடு நீலமாகுது, ஒரு வார்த்தை பேசல. பேசினா மூச்சு செலவாகும்ல. சாவி சிலிண்டர் கழுத்துலயே கட்டித் தொங்குது, நான் பார்க்கல. நாலு நிமிஷம் மச்சான். நாலு நிமிஷத்துல கரண்ட் தானா வந்துடுச்சு. நான் தரையில உட்கார்ந்து அழுதேன். இதைத் தங்களுக்கு அன்னைக்கே சொன்னது நான்தான், யாரும் சொல்லிக் குடுக்கல. அதுக்குத்தான் தாங்கள் இருபதாம் தேதி வர்றேன்னு சொன்னீங்க. நான் மறுத்துப் பேசல, என்ன சொல்லி மறுக்கிறது? முப்பத்தெட்டு வருஷமா என்கூட இருக்கிறவளை என்னால நாலு நிமிஷம் பார்த்துக்க முடியலன்னு ஆயிடுச்சே.

ஆனா கைகட்டி உட்கார்ந்துடல. அடுத்த டெஸ்ட்டிலிருந்து ஒரு வழி கண்டுபிடிச்சேன். ஆட்டோவிலிருந்து சுவிட்சைத் திருப்பினதும் என் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி அந்தத் திருகுலயே மாட்டிடுவேன். கண்ணாடி இல்லாம எனக்குப் படியே தெரியாது, பேப்பரும் படிக்க முடியாது. அதனால எடுக்கப் போகாம இருக்க முடியாது, எடுக்கிறப்போ ஆட்டோவுக்குத் திருப்பாம இருக்க முடியாது. இது கப்பல்ல உண்டா மச்சான்? இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

இந்த நேரத்தில்தான் தலைவர் தன் பழியைத் தீர்த்துக்கொள்ளக் கிளம்பினார். சங்கப் பொதுக்கூட்டத்துக்கு அவர் அனுப்பிய நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது அம்சம்: ஜெனரேட்டரை இனி வருடத்துக்கு ஒருமுறை மட்டும், பொதுக்கூட்டத்துக்கு முந்தைய நாள், தலைவர் முன்னிலையில் இயக்கிப் பார்ப்பது, அறைச் சாவியைத் தலைவர் வசம் ஒப்படைப்பது. இது நிறைவேறினால் இருபதாம் தேதி தாங்கள் வருவதை நான் எப்படித் தடுப்பேன்? நானே பெட்டியை இறக்கி வைக்க வேண்டியதுதான். தங்கள் தங்கையிடம் சொன்னேன். அவள் "போய்ப் பேசுங்க, பேச்சுதானே உங்களுக்கு வரும்" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய ஆரம்பித்துவிட்டாள்.

கூட்டம் நேத்து மூணு மணிக்கு, அடித்தளத்து ஹால்ல. அதுல ஜன்னலே கிடையாது, பட்டப்பகல்லயும் லைட் போட்டாத்தான் ஆள் தெரியும். மூணாவது அம்சம் வந்ததும் தலைவர் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "போன மாசம் வியாழக்கிழமை ஜெனரேட்டர் ஏன் ஓடல? ரிப்பேரா? இல்ல. டீசல் இல்லையா? இருந்துச்சு. வாத்தியார் டெஸ்ட் பண்ணார், அதனால ஓடல! தொடாம விட்டிருந்தா ஓடியிருக்கும்!" எழுந்து நின்னேன். முப்பத்திரண்டு வருஷம் வகுப்புல முழங்கின தொண்டையில காத்துதான் வந்துச்சு. "என் சம்சாரம் மேல..."ன்னு ஆரம்பிச்சேன், அதுக்கு மேல போகல. உட்கார்ந்துட்டேன். தலைவர் "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க"ன்னார். ஒவ்வொண்ணா ஏறுது. பதினெட்டு, பத்தொன்பது, முதல் மாடிப் பல் டாக்டர் கையும் ஏறுது. போன வாரம்தான் எங்க வீட்டுல காபி குடிச்சிட்டு "உங்க பக்கம்தான் சார் நான்"னு சொல்லிட்டுப் போனவர்! இருபத்திரண்டு கை. தலைவர் வாயைத் திறந்து "இத்தீர்மானம் நிறை..." என்கிறார்.

கரண்ட் போயிடுச்சு.

கும்மிருட்டு மச்சான். பக்கத்துல இருக்கிறவங்க மூக்கு தெரியல. எல்லாரும் ஒரே நேரத்துல கத்துறாங்க, எனக்கு மட்டும் ஒண்ணும் கேட்கல, நான் எண்ணிக்கிட்டு இருக்கேன். மாடியில மெஷின் கத்த ஆரம்பிச்சிருக்கும். ஒண்ணு, ரெண்டு. சுவிட்ச் ஆட்டோவில இருக்கா? கண்ணாடி என் மூக்குல இருக்கான்னு தொட்டுப் பார்த்தேன், இருக்கு, அப்போ ஆட்டோவிலதான் இருக்கு. நாலு, அஞ்சு. யாரோ நாற்காலியோட சாய்ஞ்சாங்க. ஆறு. இருட்டுல தலைவர் குரல், மைக் இல்லாம, ரொம்பச் சின்னக் குரல்: "வாத்தியாரே... சாவி உங்ககிட்டதானே இருக்கு?" ஏழு. சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஜின் ஒரு செருமல். எட்டு, ஒன்பது. பிடிச்சுக்கிச்சு! பத்து. பதினொண்ணு. பளிச்! லைட் வந்துச்சு, பேன் சுத்துச்சு, மைக் ஒரு தடவை கீச்சுன்னு கத்துச்சு. நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு கைகூட மேல இல்ல.

அதுக்கப்புறம் கைதட்டல் கேட்டுச்சுன்னு சொல்றாங்க, நான் அங்க இல்ல. லிப்ட் ஓடுங்கிறதையே மறந்துட்டு நாலு மாடி படியேறி ஓடினேன். கதவைத் திறந்தா, தங்கள் தங்கை கால் மேல கால் போட்டுக்கிட்டு, குழாய் மூக்குல, மெஷின் பக்கத்துல ஜம்முனு ஓடுது, பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கா. நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நாய் மாதிரி இரைக்கிறேன். தலையைத் தூக்கிப் பார்த்துட்டு, "என்ன இப்படி வாங்குது உங்களுக்கு? இந்தக் குழாயைக் கொஞ்ச நேரம் நீங்க மாட்டிக்கிறீங்களா?" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். அவ தலையில கையை வெச்சேன்.

திரும்பக் கீழே இறங்கி வந்தால் வரவேற்பு! பல் டாக்டர் முதல் ஆளாகக் கை குலுக்கினார், "நான் சோம்பல் முறிக்கத்தான் சார் கையைத் தூக்கினேன்" என்றார். தலைவர் தன் தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு, அதே மூச்சில் புதுத் தீர்மானம் கொண்டுவந்தார்: மாதம் ஒருமுறை, அரை மணி நேரம், லோடோடு, வாரம் ஒருமுறை பார்வை, வருடம் ஒருமுறை முழுச் சோதனை, ஆயுட்காலப் பொறுப்பு நான். ஏகமனதாக நிறைவேறியது. வெற்றிக் களிப்பில் ரோட்டுக்கு வந்தேன். எதிர்த்த தையல் கடையிலும் லைட் எரிந்தது, பேன் ஓடியது, மெஷின் தைத்துக்கொண்டிருந்தது. ஆகா, நம்மைப் போல் முன்யோசனை உள்ள இன்னொரு மனிதர் என்று நேரே போய்த் தையல்காரர் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்களும் மாசா மாசம் டெஸ்ட் பண்றீங்களா? சபாஷ்!" என்றேன். அவர் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். அடக்கமான மனிதர். சரியாக நாற்பது நிமிடத்தில் "கரண்ட் வந்துடுச்சு சார்" என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். ஜெனரேட்டர் லோடை இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் ஆற அமர ஓடித் தானாக நின்றது. அந்தச் சூடான தகட்டைத் தட்டிக் கொடுத்தேன். கை சுட்டது, பரவாயில்லை.

ஆகவே மச்சான், என் வேண்டுகோள் ஒன்றுதான். தங்கள் தங்கை இங்கேயே, அவள் வீட்டில், என்னோடு இருப்பாள். மின்சார வாரியமே கைவிட்ட நேரத்தில் நான் கைவிடவில்லை என்பதை உலகம் பார்த்துவிட்டது. பல்பு மாட்டத் தெரியாதவன் ஒரு கட்டடத்துக்கே வெளிச்சம் போட்டுவிட்டான். முடிந்தால் பதில் கடிதத்தில் ஒரு வரி, "நான் சொன்னது தப்பு" என்று மட்டும் எழுதுங்கள், சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். தங்கள் முழங்காலுக்கும் வாரம் ஒருமுறை பார்வை, தினம் அரை மணி நேரம் நடை என்று நானும் ஒரு அட்டவணை சிபாரிசு செய்கிறேன். தாங்கள் இருவரும் நோய் நொடியின்றி நூறாண்டு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு மாறாத மைத்துனன்,
ஜெனரேட்டர் ஆயுட்காலப் பொறுப்பாளர்

பி.கு.: உறையில் போடுமுன் வழக்கம்போலக் கடிதத்தைத் தங்கள் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். படித்தாள். சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னடி?" என்றேன். "நேத்து கரண்ட்டே போகலைங்க" என்கிறாள்! மூணு மணி இருபத்தொண்ணுக்கு வாட்ச்மேன்கிட்ட போன்ல சொல்லி, வெளியில இருக்கிற மெயினை இறக்க வெச்சது இவளாம். கீழே கூட்டத்துல நடக்கிறதையெல்லாம் அந்த மனுஷன் கதவோரம் நின்னு இவளுக்குப் போன்ல சொல்லிக்கிட்டே இருந்தாராம். அதோட விட்டாளா? யோசனை குடுத்ததே தாங்களாமே! "வாத்தியார்கிட்ட சொல்லாம மெயினை இறக்கு. அதுதான் டெஸ்ட்டு, மத்ததெல்லாம் வேடிக்கை. ஓடுச்சுன்னா அங்கேயே இரு, ஓடலைன்னா பெட்டியைக் கட்டு"ன்னு தாங்கள் சொன்னீங்களாமே மச்சான்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. "உன் மூச்சை வெச்சா விளையாடறது? ஓடாம போயிருந்தா?"ன்னு கத்தினேன். அவ நிதானமா சொன்னா: "பெட்டியைக் கட்டினேனா பாருங்க. கட்டல. ஓடும்னு தெரியும்." கடிதத்தை மடிச்சுக் குடுத்துட்டு, "ஆனா சிலிண்டரைத் திறந்து மடியிலதான் வெச்சிருந்தேன், நீங்க படியேறி வர்ற சத்தம் கேட்டுத்தான் கட்டிலுக்கு அடியில தள்ளினேன்" என்றாள். எட்டுப் பக்கம் எழுதிவிட்டேன், கிழிக்க மனசு வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். தாங்கள் ஒன்றும் தெரியாதது போலவே பதில் போடவும். தலைவருக்கு மட்டும் தெரியவே கூடாது. இன்னொன்று: இனி மாதா மாதம் மெயினை இறக்கச் சொல்வது அவள்தானாம். தேதியை எனக்குச் சொல்ல மாட்டாளாம்.